விகாரையடிக்கு ஒரு டிக்கெற்

03.01.1998 சனி

இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அகதி முகாமில் காலை எட்டு மணிக்குப் பாஸ் தந்தால் பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி உள்ளே நிற்க வேண்டும். மகள் டிலுசாவை உள்ளே விட்டால்தான் என்னை வெளியே விடுவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குப் பிணை.

அப்பாவுக்குக் கஞ்சியும் இறங்குதில்லை. வயிறு மட்டும் வீங்கிக்கொண்டு போகிறது. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ஈரல் முடிஞ்சுதம்மா. ஒரு மாசம். கூடினால் ஒண்டரை" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

திரும்பி உள்ளே போனபோது அப்பா கண்ணை மூடியபடி, "ஜோசி கரைக்குப் போயிட்டாளோ?" என்று கேட்டார்.

பத்தொன்பது வருசமாக அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. எங்களையும் சொல்ல விட்டதில்லை.

07.01.1998 புதன்

நித்திரை இல்லை. அக்காவின் நினைவுதான்.

அக்காவின் முழுப்பெயர் ஜோசப்பின், வீட்டில் ஜோசி. எழுபத்தொன்பதில், கொக்கிளாயில் எங்கள் மீனை ஏற்ற வந்த சிங்கள ஐஸ் லொறிக்காரன் குலதுங்கவோடு போனவள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எல்லாரும் கேட்க அப்பா சொன்னார்: "இந்த யோசெப்புக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளைதான். அது இரஞ்சிதம்." எனக்கு அப்போது பதினாலு வயது. அக்காவை விட ஆறு வயது இளமை.

எண்பத்திரண்டில் எனக்கு ஒரு கடிதம் போட்டாள். படித்துவிட்டு அடுப்பில் வைத்துவிட்டேன், அப்பாவுக்குப் பயந்து. விலாசம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஹொரவப்பொத்தானை வீதி, பழைய புத்த விகாரைக்குப் பின்வளவு.

கொக்கிளாயை விட்டு முல்லைத்தீவு, பிறகு ஒட்டுசுட்டான், பிறகு ஸ்கந்தபுரம், இப்போது வவுனியா. டிலுசாவின் அப்பாவும் கடலில் போன பிறகு நானும் அப்பாவும் பிள்ளையும்தான். ஓடி ஓடி அக்காவின் வாசலுக்குக் கிட்ட வந்திருக்கிறேன். இங்கேயிருந்து அந்த விகாரைக்கு அரை மணித்தியாலம் பஸ்.

இன்னொன்றும் நினைத்தேன். அவள் அந்தப் பக்கத்து ஆள். அவள் பொறுப்புக் கையெழுத்து வைத்தால் எனக்கும் டிலுசாவுக்கும் கொழும்புக்குப் பாஸ் கிடைக்கலாம். அப்பாவுக்காக மட்டும்தான் யோசிக்கிறேன் என்று எழுதினால் அது பொய்.

11.01.1998 ஞாயிறு

நாளை போயா, பௌர்ணமி. போயாவுக்கு விகாரைக்கு வருவாள்தானே? வளவே அதற்குப் பின்னால்தானே?

பக்கத்துக் கொட்டில் அன்னபாக்கியமக்காவிடம் மட்டும் சொன்னேன். டிலுசாவைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

"உனக்கென்ன விசரே பிள்ளை? பாஸிலை ஆஸ்பத்திரி எண்டு எழுதிப்போட்டு புத்தரின்ரை பன்சலைக்குப் போறியோ? பிடிச்சால் என்ன சொல்லுவாய்?"

"நேர்த்தி எண்டு சொல்லுவன்."

"வேதக்காரிக்குப் பன்சலையிலை என்ன நேர்த்தி?"

பிறகு அவாவே, "பிள்ளையை நான் பாக்கிறன். நேரத்துக்கு வந்திடு" என்றா.

12.01.1998 திங்கள், போயா

எழுதாட்டில் விடியும்வரை இதுதான் மண்டைக்குள்ளை ஓடும்.

கழுத்துச் சிலுவையைக் கழற்றி டிலுசாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பஸ் நிலையத்தில் ஹொரவப்பொத்தானை பஸ் நிறைய வெள்ளை உடுப்பு. கைகளில் பூத்தட்டு. பொட்டு இல்லாத நெற்றி எனக்கு உதவியது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். கொண்டக்டரிடம், "விகாரையடிக்கு ஒண்டு" என்று சிங்களத்தில் கேட்டேன். கரைவலைக்கு வந்த சிங்கள ஆக்களோடு பழகிய சிங்களம். சொல் சரி, இழுவை பிழை. அவன் டிக்கெற்றைக் கிழிக்காமல் என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த கிழவி தன் பூத்தட்டை மடியில் மற்றப் பக்கம் மாற்றி வைத்தா. பிறகு டிக்கெற் தந்தான்.

சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். பெண்களைச் சோதிக்கச் சாக்குக் கட்டி மறைத்த ஒரு இடம். உள்ளே ஊர்காவல் படை உடுப்பில் ஒரு பெட்டை. பதினெட்டு இருக்குமோ? என் உடம்பைத் தடவிப் பார்த்தாள். பையைக் கவிழ்த்தாள்.

"தமிழா?"

"ஓம்."

"எங்கே?"

"விகாரைக்கு. அப்பாவுக்குக் கடும் வருத்தம். நேர்த்தி."

"பூ இல்லை?"

பூ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அங்கே வாங்குவன்" என்றேன். என் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதினாள். ஆறுதலாக, ஒவ்வொரு எண்ணாக. பிறகு, "நல்ல தாமரை வாசலில் விற்கும்" என்று சொல்லிப் போகவிட்டாள்.

விகாரை பெரிது இல்லை. முன்னால் அரைவட்டக் கல், படியின் இரண்டு பக்கமும் செதுக்கிய காவல் கல். பின்னால் இடுப்பளவில் முறிந்த தூண்கள். எத்தனை நூறு வருசமோ. இரவு மழையில் கல்லெல்லாம் குளிர்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றி, இரண்டு தாமரை வாங்கி, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நிமிரவே பயம். முழு ஊரும் என் முதுகைப் பார்ப்பது போல.

நடையில்தான் அக்காவைக் கண்டுபிடித்தேன். அப்பாவைப் போல இடது காலை வெளியே போட்டு நடந்து வந்தாள். வெள்ளைச் சேலை, நரைத்த தலை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

கோப்பை தட்டில் கிடந்து ஆடியது. முகம் மட்டும் ஆடவில்லை. சிங்களத்தில், "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றாள்.

"அக்கா, நான் இரஞ்சி."

அப்போதுதான் சாவடிப் பெட்டை வேலை முடிந்து படியேறி வந்தாள். "அம்மே!" என்று கூப்பிட்டாள். என்னைக் கண்டதும், "அம்மா, இந்த மனுசியைத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் என் அக்கா. "தேத்தண்ணி கேட்டு வந்திருக்கு."

அப்ப என்னைத் தடவிப் பாத்தது என்ரை அக்காவின்ரை பிள்ளையோ? ஐயோ கடவுளே.

பெட்டையை உள்ளே சீனி எடுக்க அனுப்பிவிட்டு, கோப்பையை நீட்டியபடி, உதடு அசையாமல் தமிழில் சொன்னாள். அச்சொட்டாகக் கொக்கிளாய்த் தமிழ். "போயிடு இரஞ்சி. இஞ்சை நான் நீர்கொழும்புச் சிங்களத்தி. பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் தெரியும். சண்டையாலை இந்த ஊரிலை எத்தினை வீட்டிலை செத்த வீடு நடந்தது தெரியுமோ? உன்ரை ஆக்களிலை ஒருத்தி எண்டு என்னைச் சொல்லுவினம். பாஸுக்கோ வந்தனீ?"

"அப்பா சாகப்போறார். பெரியாஸ்பத்திரி. ஆண்கள் வாட்."

அவள் கோப்பையை என் கையில் வைத்தாள். சீனி வந்தது. நான் அந்தத் தேத்தண்ணியை நின்று குடித்தேன், வேறு வழியில்லாமல்.

திரும்பி வரப் பஸ் இல்லை. ரோட்டில் ஏதோ சோதனை என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி. மூன்றரை. நெல் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றை மறித்து, பெட்டியில் மூட்டைக்கு மேல் ஏறி வந்தேன். மாடு நடக்கிற வேகம். முகாம் வாசலுக்கு வர நாலு ஐம்பது.

டிலுசா வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். அழுது முடிந்த முகம்.

13.01.1998 செவ்வாய்

பிந்தியதற்குத் தண்டனை: இரண்டு கிழமைக்கு எனக்குப் பாஸ் இல்லை.

அப்பாவை யார் பார்க்கிறது? அக்காவிடம் போய் அப்பாவையும் இழந்துவிட்டேன் போல.

20.01.1998 செவ்வாய்

முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தவராசாண்ணை சொன்னார், அப்பா இருக்கிறாராம். "மகள் எங்கை எண்டு கேக்கிறார்." எந்த மகளை என்று நான் கேட்கவில்லை.

25.01.1998 ஞாயிறு

கண்டியில் குண்டு. புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடுகிற தலதா மாளிகை வாசலில். ரேடியோவைச் சுற்றி நின்ற எல்லாரும் மெல்ல மெல்ல விலகித் தங்கள் தங்கள் கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் என்றார்கள்.

அன்னபாக்கியமக்கா என் கையைப் பிடித்தா. "அண்டைக்குப் போனதை ஆருக்கும் சொல்லாதை. எனக்கும் சொல்லேல்லை எண்டு நினை."

ஆனால் அந்தச் சாவடிக் கொப்பியில் என் இலக்கம் இருக்கிறது.

27.01.1998 செவ்வாய்

விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு மேசை, ஒரு அதிகாரி, மொழிபெயர்க்க ஒருவர். மேசையில் அந்தக் கொப்பியின் ஒரு தாள். "பாஸ் ஆஸ்பத்திரிக்கு. நீ போனது விகாரைக்கு. பதின்மூன்று நாளில் கண்டியில் குண்டு. என்ன பார்க்கப் போனாய்?"

"அப்பாவுக்கு நேர்த்தி ஐயா."

"நீ கத்தோலிக்கம்."

"அப்பா சாகப்போறார் ஐயா. எந்தக் கடவுள் எண்டு பாக்கேல்லை."

"அங்கே யாரோடு கதைத்தாய்?"

ஒரு பெயர். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். நாக்கு நுனிவரை வந்தது, உண்மையாகவே வந்தது. டிலுசாவின் முகம் வந்தது. பிறகு அந்த ஊரையும் நினைத்தேன். குண்டு வெடித்து இரண்டு நாள். அவள் ஒரு தமிழச்சி என்று இந்த மேசையில் நான் சொன்னால்?

"ஒருத்தரோடும் இல்லை. தேத்தண்ணி தந்தவை. குடிச்சனான்."

"விசாரிப்போம்" என்றார்கள். வெள்ளிக்கிழமை திரும்ப வரவேண்டும். மாற்று உடுப்போடு.

28.01.1998 புதன்

உடுப்போடு என்றால்? ஒருவரும் விளக்கம் சொல்லுகிறார்கள் இல்லை.

29.01.1998 வியாழன்

டிலுசாவின் மாற்றுச் சட்டைகளை அன்னபாக்கியமக்காவின் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவா வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்தா. பிள்ளை, "நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீங்கள்?" என்றாள். நாலு மணி என்று சொல்லிவிட்டேன்.

30.01.1998 வெள்ளி

பையோடு போனேன். கதவைத் திறந்தால் வாங்கில் அக்காவும் அந்தப் பெட்டையும் இருந்தார்கள்.

ஊருக்குள் விசாரிக்கப் போன இடத்தில், அன்று சாவடியில் என்னைச் சோதித்தவள் என்று நிலந்தியை வரச் சொல்லியிருக்கிறார்கள். நிலந்தி, அதுதான் அவளின் பெயர். அவளோடு அக்காவும் புறப்பட்டு வந்திருக்கிறாள், ஒருத்தரும் கூப்பிடாமல்.

நிலந்தி முதலில் சொன்னாள். பையில் ஒன்றும் இல்லை, பூ வாங்கச் சொன்னேன், விகாரையில் தேத்தண்ணி குடித்தாள், போனாள். பிறகு அக்கா எழும்பி நின்று சிங்களத்தில் சொன்னாள்: "தேத்தண்ணி கொடுத்தது நான் மாத்தயா. இது அப்பாவுக்காக வந்த மனுசி. அழுதுகொண்டு கும்பிட்டது. பொய் இல்லை என்று நான் பொறுப்பு நிற்கிறேன்."

நான் அன்று அழவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

அதிகாரி அக்காவை மரியாதையாகக் கேட்டார், "நோனாவுக்குத் தமிழ் தெரியுமா? அழுகிறது அப்பாவுக்கு என்று எப்படித் தெரியும்?"

அக்கா நிதானமாக, "நான் நீர்கொழும்பு. அங்கே தமிழரும் உண்டு, கொஞ்சம் விளங்கும்" என்றாள்.

ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். பாஸும் எழுதித் தந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு.

தெருவில் நான் முன்னால், அவர்கள் இரண்டு பேரும் பத்தடி பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் அந்தக் காலடிச் சத்தம் நிற்கவில்லை.

வாட்டுக்குள் கட்டிலோடு கட்டில். வாசலில் துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். அப்பா பாதியாகிவிட்டார். இரண்டு கிழமையில் இப்படியா? என்னைக் கண்டு கையைத் தூக்கினார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்ப ஜோசி எண்டு கூப்பிடப்போறார். இல்லாட்டில் சுவர்ப்பக்கம் திரும்பப்போறார். எது நடந்தாலும் துலைஞ்சுது.

அப்பா வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். நிலந்தியின் ஊர்காவல் உடுப்பைப் பார்த்தார். பிறகு, வாட் முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்தப் பழைய கரைவலைச் சிங்களத்தில் கேட்டார்:

"நோனா எந்த ஊர்?"

அக்கா ஊரைச் சொன்னாள். குரல் வரவில்லை. திரும்பச் சொன்னாள்.

"பிள்ளைகள்?"

"மூன்று. இதுதான் மூத்தது."

"வீட்டு மாத்தயா நல்லவரா?"

"நல்லவர்."

"ஹொந்தாய்" என்றார் அப்பா. நல்லது. நல்லது.

அவள் கட்டிலோரம் இருந்து, கொண்டுவந்த பால் தேத்தண்ணியைக் கரண்டியால் பருக்கினாள். கஞ்சித் தண்ணியும் இறங்காத மனுசன் நாலு கரண்டி குடித்தார். ஒரு கை அவளின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது. அந்நிய மனுசியின் கையை அப்படி யாராவது பிடிப்பார்களா? நிலந்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்க முகாமுக்குள் வந்துவிட்டேன்.

06.02.1998 வெள்ளி

விடியப்புறம் அப்பா போய்விட்டார்.

07.02.1998 சனி

அடக்கத்துக்கு என்னையும் டிலுசாவையும் சேர்த்து விட்டார்கள். எட்டுப் பேர். அக்கா இல்லை. அவளால் முடியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். கொழும்புப் பாஸைப் பற்றி அவளிடம் இனிக் கேட்கமாட்டேன்.

11.02.1998 புதன், போயா

பத்து மணிபோல முகாம் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். திரும்ப விசாரணையோ என்று டிலுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

நிலந்தி. சைக்கிளில் வந்திருக்கிறாள், தனியாக. ஊர்காவல் உடுப்பு இல்லை, வெள்ளைச் சட்டை. கரியரில் ஒரு பை பச்சையரிசியும் இரண்டு தேங்காயும். வாசலில் நின்ற ஆமிக்காரன் பார்க்க வந்தவர்களின் புத்தகத்தை அவளிடம் தள்ளினான். பெயர், இலக்கம், நேரம் எல்லாம் எழுதினாள். 'என்ன உறவு' என்ற இடத்தில் பேனை நின்றது. என்னைப் பார்த்தாள். டிலுசாவைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து எழுதினாள். ஆமிக்காரன் புத்தகத்தைத் திருப்பி, எழுத்தில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தான்.

"புஞ்சி அம்மா."

சின்னம்மா.

அவன் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கனநேரம். பிறகு வாசல் கம்பியை உயர்த்தினான்.