சரோஜாம்மாவுக்காக எழுதிய சீட்டு

ஜூலை 11, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். பதினொன்றுக்கு உபவாச ஜெபம். அதற்குள் மூன்று பிளவுஸ் முடிக்கணும். ஹூக் வேறு தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு சரோஜாம்மா இன்றைக்கும் பாத்திரம் கழுவின தண்ணீரை என் வாசலில்தான் கொட்டினாள். அப்புறம் குழாயடியில், எல்லார் முன்னாலும்: "தள்ளிக்கோங்க, அல்லேலூயா வந்துகினு இருக்கா! புருஷன் செத்தும் கொழுப்பு அடங்கல பாரு!" ஆறு வருஷமாக இதே பாட்டு. ஆனால் அவரை இழுத்தது தாங்கவில்லை.

சபையில் ஜெபச் சீட்டு கொடுத்தார்கள். எழுதினேன்: 'சரோஜாம்மா பேச்சை நிறுத்தும், ஆண்டவரே.' நாலாக மடித்துப் பெட்டியில் போட்டேன். என் பெயர் எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

சரோஜாம்மாவுக்குப் பக்கவாதம். குழாயடியிலேயே விழுந்தாள். வலது கை, கால் வரவில்லை. வாய் கோணல். பேச்சு போய்விட்டது.

பேச்சு!

என் வீட்டுக்காரர் பிழைக்க நாற்பது நாள் முழங்காலில் நின்றேன், கேட்கவில்லை. இதை மட்டும் மூன்றே நாளில் கேட்டுவிட்டீரே, ஆண்டவரே?

ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே மகன், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. "அக்கா, ரெண்டு நாளு பாத்துக்கோங்க, லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். வருவான், வருவான்.

கஞ்சி ஊட்டினேன். பாதி வழிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டு விஷயம் தெரியுமோ? பைத்தியக்கார நினைப்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி மாசம், மலைக்கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பஸ் இல்லை, சபைக்கு நடை. பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "சத்துருவை நேசிக்கிறதுன்னா இந்தச் சகோதரியைப் பாருங்க!" எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நேசமாம். பயத்தில் பீத்துணி அலசுகிறேன்.

தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் அவள் பழையபடி கத்துவது கேட்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. முதல் சொல் "தண்ணி". அடுத்தது "அல்லேலூயா". சிரித்தேன், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எனக்குத் தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இனி முடியாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "நான்தாம்மா, உங்க பேச்சு நிக்கணும்னு சீட்டு எழுதிப் போட்டேன். அதுக்கப்புறம்தான் உங்களுக்கு இப்டி ஆச்சு. மன்னிச்சுடுங்க."

காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டாள்:

"அதான்... தெனம்... வர்றியா?"

"ஆங்."

இடது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... நான்... நல்லாயிட்டா... வரமாட்டியா?"

வருவேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.