வாழைப்பழ வாசம் வரக்கூடாது

19.4.2004, திங்கள்

முகமூடிச் சோதனையில் தோற்றேன். பயிற்சியில் இருக்கும் பதினாலு பேரில் தோற்றது நான் ஒருவன்தான். குளோரின் பிரிவுக்குப் போகிறவன் முகத்தில் ரப்பர் முகமூடி ஒட்டி உட்கார வேண்டும். பாதுகாப்பு அதிகாரி யேசுதாஸ் சார் வாழைப்பழ எசென்ஸில் தோய்த்த பிரஷ்ஷை முகமூடியைச் சுற்றிக் காட்டுவார். உள்ளே வாசம் வந்தால் இடைவெளி இருக்கிறது. எனக்கு வந்தது. பழ மண்டிக்குள் நின்ற மாதிரி வந்தது.

காரணம் மூன்று நாள் தாடி. ஏன் மழிக்கவில்லை? மழித்தால் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. தாடையெல்லாம் கட்டி. அதன் மேல் மறுநாள் மழித்தால் ரத்தம். மழித்தால் புண், மழிக்காவிட்டால் குளோரின் — எந்தப் பக்கம் போவது?

ஜூலை 5 மறுசோதனை. அதிலும் தோற்றால் மூட்டை தைக்கும் பிரிவு. மூன்று வருடம் கெமிக்கல் டிப்ளமோ படித்தது சாக்கு தைக்கவா?

21.4, புதன்

தங்கை மங்கை தன் பருத் தழும்புக்குப் பூசும் கிரீமை எடுத்து நீட்டினாள். செத்த தோலைத் தளர்த்துமாம், உள்ளே மாட்டிய முடியும் வெளியே வருமாம். "ண்ணா, டாக்டராண்ட கேட்டுக்கினு பூசு" என்றாள். நான் டியூபில் பெயரை மட்டும் படித்தேன். கிளைகாலிக் ஆசிட், ஆறு சதவீதம்.

சிரிப்பு வந்தது. இதே சரக்கு எங்கள் ஆலையில் டிரம் டிரம்மாக நிற்கிறது, எழுபது சதவீதம். பாய்லர் குழாய்க்குள் படிந்த உப்பைக் கரைக்க.

23.4, வெள்ளி

எழுபதைப் பத்தாக்க ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர். எட்டாம் வகுப்புக் கணக்கு. இதற்கு எதற்கு டாக்டர்? மங்கைக்கு ஆறு சதவீதம் போதும். எனக்கு அவசரம். சின்ன பாட்டிலில் கொண்டுவந்துவிட்டேன்.

24.4, சனி

நன்றாக மழித்துவிட்டு, சூட்டோடு சூடாகப் பூசினேன். எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

25.4, ஞாயிறு

இல்லை. அப்படி அர்த்தம் இல்லை.

26.4, திங்கள்

சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஒரு தாடை. அதோடு காலையில் இரண்டு மணி நேரம் டேங்க் மேல் வெயிலில் நின்றேன். மதியத்துக்குள் கறுத்துவிட்டது.

கேன்டீனில் வசீம் என்னைச் சுற்றிவந்து பார்த்தான். ராயபுரத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. "இன்னா மாமு, ஒரு பக்கம் நல்லா வெந்துகீது. திருப்பிப் போட மறந்துட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "குழாய்ல ஆசிட் வுடறதுக்கு முன்னாடி கூப்பன் தொங்க வுடுவியே. உன் மூஞ்சிக்கு இன்னா தொங்க வுட்ட?"

கூப்பன் என்பது சின்ன இரும்புத் தகடு. ஆசிட் உப்பை மட்டும் தின்கிறதா, இரும்பையும் தின்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். அது இல்லாமல் வால்வைத் திறக்க ஒருவனையும் நான் விட்டதில்லை. போன மாதம் அதற்காகவே ஒருவனோடு கத்திச் சண்டை போட்டேன்.

லேபில் என் பாட்டிலின் pH பார்த்தேன். 1.8; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. மங்கையின் கிரீம், கிட்டத்தட்ட 4. சதவீதத்தைப் பார்த்த முட்டாள் இதைப் பார்க்கவில்லை.

யேசுதாஸ் சார் கேட்டார். மறைக்கத் தெரியாது எனக்கு, சொல்லிவிட்டேன். டிரம்மிலிருந்து எடுத்தது ஒரு குற்றம், சோதிக்காமல் உடம்பில் ஊற்றியது அதைவிடப் பெரிய குற்றம் என்றார். தண்டனை: புதன்கிழமை பாதுகாப்புக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்ல வேண்டும்.

28.4, புதன்

சொன்னேன். நாற்பது பேர். சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒருவர் கை தூக்கி, இது கால் ஆணிக்குக் கேட்குமா என்று விசாரித்தார். "இதுக்குத்தான் உன்ன பேச வெச்சேன்" என்றார் யேசுதாஸ் சார்.

29.4, வியாழன்

மங்கை கையோடு இழுத்துப் போனாள். டாக்டர் ரஹீமுன்னிசா. வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம், கண்டிப்பு இருபது கூட. இரண்டு வாரம் முகத்தில் எதுவும் படக்கூடாது, பிளேடு உட்பட. பிறகு எட்டு சதவீத கிளைகாலிக் லோஷன், ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும். மழித்த உடனே பூசவே கூடாது. காலையில் வெயிலுக்கு முன் சன்ஸ்கிரீன். ஒற்றை பிளேடு, முடி சாயும் திசையில்.

எத்தனை நாளில் சரியாகும் என்றேன். லோஷன் தொடங்கியதிலிருந்து எட்டு வாரம் என்றார். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஜூலை 5-க்கு அரை வாரம் இடிக்கிறது.

"ரெண்டு மடங்கு பூசினா நாலு வாரத்துல முடியுமா, டாக்டர்?"

என்னையே பார்த்தார். "தாராளமா பூசுங்க. அப்புறம் இருபது வாரம் ஆகும்."

வழியெல்லாம் மங்கை சிரித்துக்கொண்டே வந்தாள்.

13.5, வியாழன்

கறுத்த தோல் உரிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு லோஷன் வைத்தேன். என் கூப்பன்.

15.5, சனி

கூப்பனில் சேதம் இல்லை. இன்று இரவு ஆரம்பம். எரியவில்லை — அப்போ வேலை செய்யுதா இல்லையா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

23.5, ஞாயிறு

ஒரு மாற்றமும் இல்லை. சன்ஸ்கிரீன் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. என்றைக்குக் கூத்து என்று வசீம் தினமும் கேட்கிறான்.

30.5, ஞாயிறு

டியூபைக் காணோம். மங்கை ஒளித்து வைத்திருக்கிறாள். "நேத்து பூசின இல்ல? இன்னிக்கு கெடையாது." ஒரு விரல் நுனியளவு போதும் என்று கெஞ்சினேன். என் தங்கையிடம்! அசையவில்லை. காலண்டரில் எனக்கான நாட்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு மாட்டிவிட்டாள்.

13.6, ஞாயிறு

எண்ணினேன். ஏப்ரலில் நாற்பத்தொரு கட்டி. இன்று பதினேழு. உள்ளே சுருண்டு கிடந்த முடிகள் நுனி நீட்டி எட்டிப் பார்க்கின்றன. கிராஃப் போட்டிருக்கிறேன். கோடு இறங்குகிறது. மெதுவாக, ஆனால் ஏறாமல்.

27.6, ஞாயிறு

நான்கு. ஒற்றை பிளேடில் மழித்தேன். ரத்தம் இல்லை. அம்மா தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் நைனா மனுச மூஞ்சியா கீது" என்றாள்.

4.7, ஞாயிறு

நாளை. பத்து முறை கண்ணாடி பார்த்தாயிற்று. மங்கை கண்ணாடியையும் ஒளித்துவிடுவாள் போல.

5.7, திங்கள்

காலையில் மழித்தேன். வழவழவென்று இருந்தது.

பிரஷ் நெற்றிப் பக்கம் தொடங்கிக் கன்னம் வழியாக இறங்கியது. தாடைக்கு வந்ததும் மூச்சை நிறுத்திவிட்டேன். யேசுதாஸ் சாருக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு விட்டுக்கொண்டே சுவரில் இருக்கும் பாதுகாப்பு விதிகளைச் சத்தமாகப் படி என்றார். படித்தேன். தலையை இடம் வலம் திருப்பச் சொன்னார், குனியச் சொன்னார். பன்னிரண்டு விதிகளும் முடிந்தன.

"இன்னா வாசம் வருது?"

"ரப்பர் வாசம், சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், சார்."

தாளில் டிக் போட்டார். நாளை காலை ஷிப்ட், குளோரின் பிரிவு. வெளியே காத்திருந்த வசீம் முதலில் என் தாடையைத்தான் தடவிப் பார்த்தான்.

வரும் வழியில் திருவொற்றியூர் தேரடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். மங்கை அடுப்பங்கரையில் நின்று முதல் பழத்தை உரித்தாள். வாசல் வரைக்கும் வாசம் வந்தது.

காலண்டரில் இன்று வட்டம் இல்லை. டியூப் கண்ணெதிரே அலமாரியில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. நாளைக்குப் பூசிக்கொள்ளலாம்.