சமையலறை ஆணியில் தொங்கிய பேட்ஜ்

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும், இந்தத் தடவை முதல் சொல்லை எழுதக் கை வரவில்லை, அதனால் ஆவலை மட்டும் வாங்கிக்கொள். காலையிலிருந்து இந்தத் தாளை நான்கு முறை எடுத்துவிட்டேன். எடுப்பதும், மோட்டாரை நிறுத்தினேனா என்று பார்க்க ஓடுவதும், துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பதுமாக இருக்கிறேன், உன் அப்பா பொறுக்க மாட்டாமல் "ஒண்ணு உட்காரு, இல்லன்னா நில்லு, எனக்குத் தலை சுத்துது" என்று கத்திவிட்டார். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நான் இழுத்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை.

சுரங்கத்துக்கு லாரி ஓட்டும் உன் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். இங்கே நம் சுரங்கத்தில் மூடிக் கிடந்த கீழ்த்தளத்தை மறுபடி திறக்கிறார்களாம், யுரேனியத்துக்கு விலை ஏறிவிட்டதாம். கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய உலகப் படம் ஒட்டி, எந்த நாட்டில் எவ்வளவு இருப்பு, எந்த நாடு எவ்வளவு எடுக்கிறது என்று வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறார்களாம். "பூமிக்குள்ள நிறைய வச்சிருக்கிறது ஆஸ்திரேலியாக்காரன், ஆனா அள்ளித் தள்ளுறது கஜகஸ்தான்காரன், உலகத்துல அஞ்சுல ரெண்டு பங்கு அவனோடதுதான்க்கா, நம்ம வட்டம் இருக்கே, அது கொசு கடிச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தான். உண்மைதானே, நம் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் அரைக் கிலோகூடத் தேறாது. உடனே அவன், "உங்க பொண்ணு இறங்குற சுரங்கத்துல டன்னுக்கு அஞ்சு கிலோவாமே, கெட்டிக்காரி, பணக்காரப் பாறையாப் பார்த்துப் போயிருக்கா" என்றான். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாறையில் அது பத்து மடங்கு என்றால் அதன் முன்னால் நிற்கிற என் பெண்ணுக்கு எத்தனை மடங்கு என்று அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடிப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறோம். தொப்பி, விளக்கு, பூட்ஸ், முகமெல்லாம் பாறைப் புழுதி, அதற்கு நடுவில் அந்தப் பல் வரிசை. எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இருபத்தாறு வருஷம், கீழே இறங்குகிறவர்களுக்குக் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் கொடுக்கிற அறையின் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள், எனக்கு யாரைப் பார்த்தாலும் கண் முதலில் நெஞ்சுப் பக்கம்தான் போகும். கிளிப் இருக்கிறது. பேட்ஜ் இல்லை. சரி, படம் எடுக்கக் கழற்றியிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கடிதத்தைப் பிரித்தால், "மூணு மாசமா எங்க ஷிஃப்ட்லயே என் அளவுதாம்மா ரொம்பக் கம்மி, ஆபீஸ்ல டைப் அடிக்கிற அக்காவோடதும் என்னோடதும் ஒண்ணு, அதனால புதுத் தளம் திறக்க என்னைத்தான் அனுப்பப் போறாங்க" என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் இந்தக் கதை? பாறையில் துளை போடும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவளுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் ஒரே கதிர்வீச்சு அளவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இதை உனக்குப் பள்ளிக்கூடத்திலா சொல்லிக் கொடுத்தார்கள்? நம் வீட்டில்தான் சொல்லிக் கொடுத்தோம்.

இதுவரை நாம் மூவருமே வாய் திறந்து பேசாததை இப்போது எழுதுகிறேன். உன் அப்பாவின் பேட்ஜ் பத்தொன்பது வருஷம் சமையலறை ஆணியில் கரண்டிக்குப் பக்கத்தில் தொங்கியது. பேட்ஜில் அளவு கூடிவிட்டால் தரைக்கு மேலே வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், "மேல போய் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு உட்காரவா நான் துளை போடக் கத்துக்கிட்டேன்" என்பார். மாதக் கடைசியில் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து என் கைப்பையில் போடுவது உன் வேலை, ஞாபகம் இருக்கிறதா, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்ப்பாய். நான் அதை மற்றவர்களுடையதோடு சேர்த்து அளந்து பார்க்க அனுப்புவேன், வருகிற எண்ணை என் கையாலேயே அவர் பெயருக்கு நேரே எழுதுவேன். மற்றவர்கள் ஒரு நாள் மறந்துவிட்டு வந்தாலும் சன்னலிலிருந்தே கத்தித் திருப்பி அனுப்பிய நான்தான் இது. எண் சின்னதாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன், அதுதான் கொடுமை.

அவருக்கு இருமல் நிற்கவில்லை என்று மூன்று மாதம் முன்பு சொன்னேன் அல்லவா. படம் எடுத்ததில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது. டாக்டர் நல்ல மனிதர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்றதும் பழைய பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவர் கீழ இறங்கின ஆள் மாதிரியே இல்லையேம்மா, இவ்வளவு கம்மியா இருக்கே, அப்ப நான் வேற பக்கம் தேடுறேன்" என்றார். இரண்டு மாதமாக வேறு பக்கம்தான் தேடுகிறார், வேறு எதற்கோ மாத்திரை தருகிறார். அவர் நம்பியது என் கையெழுத்தை. அது உன் அப்பாவின் உடம்பில் போன கணக்கு இல்லை, நம் சமையலறையின் கணக்கு. உலகத்தில் எந்தப் பாறைக்குள் எத்தனை டன் இருக்கிறது என்று படம் போட்டு ஒட்டுகிறார்கள், அதை வெட்டிய ஒரு மனுஷனுக்குள் எவ்வளவு போனது என்று கேட்டால் சொல்ல ஒரு தாள் இல்லை, இருந்த தாளையும் நான் கெடுத்துவிட்டேன். டாக்டர் முன்னால் அன்று வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன், அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கவும் நின்றால் உட்காரவும் தோன்றுகிறது.

நேற்று உன் போட்டோவை அவரிடம் காட்டி, கிளிப்பில் விரலை வைத்தேன். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு "நாளான்னிக்கு டாக்டர்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்லிடுறேன், பேட்ஜ் இறங்கவே இல்ல டாக்டர், நான் மட்டும்தான் இறங்கினேன்னு" என்றார். சொல்லிவிட்டு உன்னை நினைத்து அழுதார். எனக்குத் திட்டத்தான் வந்தது, திட்டாமல் தண்ணீர் கொடுத்தேன்.

கண்ணு, அங்கேயும் என்னைப் போல யாராவது ஒருவர் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கடிதம் கிடைத்த அன்றே அவரிடம் போய், அந்த மூன்று மாத எண்ணும் என்னுடையது இல்லை என்று சொல்லிவிடு. புதுத் தளம் போனால் போகட்டும், யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும், மேலே உட்கார வைத்தால் உட்கார். அப்பாவும் அம்மாவும் கற்றுக்கொடுத்தது தப்பு என்று தாராளமாகச் சொல், எங்களுக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மூச்சோடும் இருக்க வேண்டும், உன் முடி நரைப்பதை நீயே கண்ணாடியில் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். பேட்ஜை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு, முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்று காலை சமையலறை ஆணியைப் பிடுங்கிவிட்டேன், சுவரில் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. உன் அறையில் நீ எங்கே அடித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அதைப் பிடுங்கிப் போடு.

உன் பதிலுக்காக வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கும்,
அம்மா