நிழல்துணியும் நாலு ஈரப் போர்வையும்

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணங்கி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

நான் சமைத்துப்போடும் குடும்பம் ஊர் சுற்ற வைத்திருக்கிறதே, அடுப்பும் கட்டிலும் உள்ள பெரிய வேன், அதன் பக்கத்தில் இழுத்து விரிக்கிற நிழல்துணி போன வாரம் சாய்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், யார் தலையிலும் விழவில்லை. அதன் கம்பியை வேனோடு பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருந்தது.

முதலாளியம்மா மெக்கானிக்கை வரவழைத்து, "மாட்டி ஒரு மாசம்கூட ஆகலை, இதுதான் உங்க வேலையா?" என்று பிடிபிடியென்று பிடித்தார்.

"நல்லாத்தாம்மா முடுக்கினேன்" என்றார் அவர். தலை நரைத்த மனுஷர்.

அவர் ஏறின ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். துணி சாய்வதற்கு முந்தின நாள் அந்தக் கம்பியில் நாலு ஈரப் போர்வையைக் காயப்போட்டதும் நான்தான். வாயைத் திறக்கவில்லை. "சாமி, என்னைக் காட்டிக்கொடுத்துடாதே" என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். இப்போது சாமி முன்னால் நிற்கவே கூசுகிறது.

அவர் பழைய ஓட்டையை அடைத்து, பெரிய திருகாகப் போட்டு முடுக்கி, கூலி வாங்காமல் போன பிறகுதான் முதலாளியம்மாவிடம் சொன்னேன்.

"ஏம்மா, அது என்ன கொடிக்கயிறா?" என்று சிரித்துவிட்டார்.

திட்டியிருக்கலாம். அந்த மனுஷர் இன்னும் தன் கைமேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாளை காலை பட்டறைக்கே போய்ச் சொல்லப்போகிறேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடிக்கயிறு ஒன்று கொடுத்தனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்தான். ஆனாலும் நம் வீட்டிலிருந்து வரட்டும்.

குக்கர் விசில் அடிக்கிறது, முடிக்கிறேன். பட்டறை வாசல்வரை நீங்களும் கூட வருவதாக நினைத்துக்கொண்டு நடப்பேன்.