கணக்கில் நிற்கும் மிகுதி

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
12 ஜனவரி 2025

அன்புள்ள றோசலின்,

நான் சுகம். உமக்காகவும் பூசையில் மன்றாடினேன். தொலைபேசியில் கதைத்தால் சண்டையில்தான் முடியும் என்று மகள் ஜொய்சி சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே பல்கலைக்கழகப் பண்ணையின் கண்ணாடி வீட்டில் வேலை கிடைத்து இரண்டு மாதம். இது மெய்யான வேலை. வெளியே பனி, உள்ளே தக்காளி பூத்திருக்கிறது. நடுவில் நின்றால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகிறது.

வீட்டு மின்சாரக் காசு முன்போலவே மாதாமாதம் ஒரே தொகையாக என் வங்கியிலிருந்து தானாகக் கழிகிறது. சம்பள நாளில் அதற்கு மேலும் நாற்பது டொலர் கட்டுகிறேன். தாராளமாக ஹீற்றரைப் போடும்.

ஒரு இரகசியம் சொல்கிறேன். மின்சாரக் கணக்கை இணையத்தில் திறந்தால், முந்தின நாள் வீட்டில் மணிக்கு மணி எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று கோடு கோடாகக் காட்டும். மத்தியான ஓய்வில் அதைத்தான் பார்க்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஒரு சின்னக் கோடு. நீர் கோப்பிக்குத் தண்ணீர் வைக்கிறீர். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு நெடிய கோடு. உடுப்புத் தோய்க்கிறீர். கண்ணை மூடினால் சவர்க்கார வாசம் வருகிறது.

அன்புடன்,
மரியதாசன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
21 ஜனவரி 2025

ஜொய்சியின் அப்பாவுக்கு,

சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை.

சனிக்கிழமை நான் உடுப்புத் தோய்க்கவில்லை. கோயில் விற்பனைக்கு கேக் போட்டேன். உங்கள் மூக்குக்கு என்ன நடந்தது?

பில் இந்த வீட்டுக்குத்தானே வருகிறது. உங்கள் பெயரில் அறுநூற்றுப் பன்னிரண்டு டொலர் மிகுதியாக நிற்கிறது. நீங்கள் கூடக் கட்டியது மட்டும் காரணமில்லை. நான் குசினி ஹீற்றரை மட்டும்தான் போடுகிறேன். மற்ற அறைகளில் குழாய் உறையாத அளவுக்கு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவரின் காசை எரிக்க எனக்கு மனமில்லை.

வேலை போனதற்கு நான் கோபிக்கவில்லை. நாலு மாதம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி வெளிக்கிட்டீர்கள். நானும் விடிய எழும்பிச் சோறு கட்டித் தந்தேன். நீங்கள் ஏரிக்கரையில் காருக்குள் இருந்து சாப்பிட்டீர்கள். உங்களை அங்கே கண்ட றெஜினா கோயில் வாசலில், "அண்ணை இப்ப வேலைக்குப் போறேல்லையோ, அக்கா?" என்று கேட்டபோது என் முகத்தை எங்கே வைப்பது? வீட்டுக்கு வந்து கேட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போனீர்கள். அந்தப் பெட்டிகூட இன்னும் திரும்பி வரவில்லை.

மேலதிகக் காசு கட்ட வேண்டாம்.

றோசலின்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள றோசலின்,

கோடுகள் கட்டையாகிக்கொண்டு போனதைப் பார்த்து, நீர் சிக்கனம் பிடிக்கிறீர் என்று சந்தோஷப்பட்ட மடையன் நான். வீடு குளிர்கிறது என்று விளங்கவில்லை.

ஏரிக்கரையில் ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லுவேன் என்றுதான் இருந்தேன். பெட்டியைத் திறந்து உமது கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டதும் தைரியம் போய்விடும். வெட்கம், றோசலின். வேறொன்றும் இல்லை. என்னை மன்னியும்.

நேற்று ஒரு கனவு. வீட்டு அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தானே திறக்கின்றன. ஹீற்றர்கள் டிக் டிக் என்று சூடேறுகின்றன. யன்னல் பனி உருகி, வெளியே தக்காளி பூத்து நிற்கிறது. நீர் குசினிக் கதிரையிலிருந்து எழும்பி "ஆரது?" என்றீர். அதோடு முழித்துவிட்டேன்.

காசை மட்டும் நிறுத்தச் சொல்லாதேயும். அந்த வீட்டோடு எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். பத்தாம் திகதி காசு கழியும்போது, வீட்டுக்கு வந்துபோனது போல இருக்கிறது.

மரியதாசன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
16 பெப்ரவரி 2025

அன்புள்ள ஜொய்சியின் அப்பாவுக்கு,

பத்தாம் திகதி வந்துபோனீர்களா? நான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை மின்சாரக் கணக்கை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். இனி நான் கார்டெறியில் பிள்ளைகள் பார்க்கிற சம்பளத்திலிருந்து கழியும். உங்கள் கணக்கு மூடியாயிற்று. கோடு பார்க்கவும் முடியாது. வாசித்துவிட்டு அழ வேண்டாம்.

எனக்கும் அழுகை வந்ததுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஏரிக்கரை, இன்றைக்கு இந்தக் கோடுகள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தூரத்தில் இருந்துகொள்ள உங்களுக்கு எப்போதும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. காசு வந்துபோவது நீங்கள் வந்துபோவதாகாது. மன்னிக்கச் சொன்ன வரியைப் பத்துத் தரம் வாசித்தேன். அதை ஒரு தரம் நேரே கேட்க எனக்கு ஆசை.

இப்போது எல்லா அறையிலும் ஹீற்றர் போட்டிருக்கிறேன். என் காசு, பயமில்லை. உங்கள் கனவில் கேட்ட அந்த டிக் டிக் சத்தம் வீடெல்லாம் கேட்கிறது.

மிகுதிக் காசுக்கு உங்கள் பெயரில் செக் வருமாம். அவர்களிடம் இருப்பது இந்த முகவரிதான். நான் அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். செக் வரும்வரை நீங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிய நேரே வீட்டுக்கு வாருங்கள்.

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை வேலைக்குச் சோறு கட்ட வேண்டும்.

உங்கள்
றோசலின்