வாயை மட்டும் அசை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அம்மா சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் தொண்டையில் நிற்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசாமல் இதென்ன திடீரென்று கடிதம் என்று பயந்துவிடாதே. தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி இருந்தது, எடுத்தாயிற்று, கெட்டது எதுவும் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான், அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் இப்போது எல்லாம் சீட்டு எழுதித்தான். குழம்பில் உப்பு அதிகம் என்று எழுதி நீட்டினால், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று அம்மா சீட்டை மடித்து வைத்துவிடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம்.

அச்சகத்துக்கு அரைநாள் போய் வருகிறேன், பிழை திருத்த வாய் எதற்கு. போன வாரம் இருநூறு பக்கம் திருத்திக் கொடுத்தேன், புத்தகம் எப்படி என்று முதலாளி கேட்டார், எதைப் பற்றிய புத்தகம் என்றே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒற்றும் காற்புள்ளியும் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாடகர் குழுவை முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவர் கையில் விட்டுவிட்டு, கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் பழக்கத்தில் எழுந்து நின்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தேன். இரண்டாவது சரணத்தில்தான் உறைத்தது. குரல் ஒன்றுதான் இல்லை, மற்றபடி எல்லாம் எப்போதும் போலவே இருந்தது. பெண்கள் பக்கம் சுருதி இறங்குகிறது, ஆர்கன் முந்துகிறது என்று காது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரை நோக்கிப் பாடுகிறோம் என்ற நினைப்பு ஒரு வரியில்கூட வரவில்லை. முன்பும் வந்ததில்லை. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் எனக்கு அடுத்த பாட்டின் எண்தான் தெரியும். முப்பது வருஷம், மகளே.

என் பக்கத்தில் நம் தெருமுனை வெல்டிங்காரர் நின்றார். ஒரு காலத்தில் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து கேட்டவரை, உங்கள் குரலுக்கு உங்கள் மெஷினே தேவலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவர் மனைவி படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகிறது. அவருக்கும் சுருதிக்கும் இன்றைக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனால் பாட்டில் 'என்னைத் தாங்கும்' என்று ஓரிடம் வந்தபோது முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், எல்லோரும் அடுத்த வரிக்குப் போன பிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது, ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், 'தா'வை இழுக்காதீர்கள் என்று சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது. வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எப்போது சொன்னீர்கள், எனக்கு நினைவே இல்லையே என்று என் தோளைத் தட்டிவிட்டு, மனைவிக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று போய்விட்டார். உனக்கு மறந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. பேராயர் வந்த ஞாயிறு. எல்லோரும் அங்கி மாட்டிக்கொண்டிருந்த அறையில், அத்தனை பேர் முன்னால் உன்னைக் கூப்பிட்டு, "நீ சத்தம் போடாதே, வாயை மட்டும் அசை. ஆண்டவருக்கு அரைகுறையா எதையும் கொடுக்கக் கூடாது" என்று சொன்னேன். நீ சரிப்பா என்றாய். பேராயர் பிரமாதம் என்று என் கையைக் குலுக்கினார், ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அதன் பிறகு கல்லூரிக்குப் போகும்வரை மூன்று வருஷம் நீ குழுவில் நின்றாய், ஒரு நாளும் பாடவில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருப்பாயே, அதுவும் நின்றுபோனது எனக்குத் தெரியவே இல்லை.

இதையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படித்தாள். படித்துவிட்டுத்தான், குட்டி அங்கே கோயிலில் சிறுவர் பாடல் குழுவில் சேர்ந்திருப்பதையும், ஞாயிறுதோறும் நீ அவளை வாசலில் இறக்கிவிட்டு ஆராதனை முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பதையும் சொன்னாள். நீயும் உள்ளே போகலாமே என்று அவள் கேட்டதற்கு, "உள்ள போய் வாயை அசைச்சுட்டு வர்றதுக்கு வெளியவே இருந்திடலாம்மா" என்றாயாம். அம்மா சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தம் போட்டு அழவும் டாக்டர் அனுமதி இல்லை.

தப்பு செய்துவிட்டேன், மகளே, என்னை மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை நான் திருப்பிப் படிக்கப் போவதில்லை, படித்தால் ஒற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அரைகுறையாகக் கொடுத்தவன் நான்தான். நீ சுருதி தப்பிப் பாடினாலும் அப்போது முழுதாகத்தான் பாடினாய். நீ உள்ளே போக வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, டாக்டர் சொன்னதற்காகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள். அன்றைக்கு ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பேசியது நான், உன் வாயை அடைத்ததும் நான். அவர் உன்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அம்மாவின் முழங்கால் வலி தேவலை, சமையலறைக் குழாய்தான் இன்னும் சொட்டுகிறது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் போக்கிலும் வரத்திலும் காத்து, மனநிறைவோடு வைத்திருப்பாராக. குட்டி தப்பாகப் பாடினால் திருத்தாதே. மறக்காமல் ஒன்று, காரில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடியை முழுக்க ஏற்றி வைக்காதே, மூச்சு முட்டும். கொஞ்சம் இறக்கி வை, அவள் பாடுவதும் கேட்கும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா