ஒலிபரப்பாகாத பெயர்

786
ராயப்பேட்டை,
22-6-1999

அன்புள்ள நீரஜா அக்காவுக்கு,

அமீனா பீ எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களை நன்றாகத் தெரியும். மதியம் தையல் மெஷினில் உட்கார்ந்தால் ரேடியோவில் உங்கள் மகளிர் நிகழ்ச்சிதான் துணை. மாங்காய்த் தொக்கு சொல்லித் தந்த அன்று உப்பை இரண்டு தடவை சொன்னீர்கள். நானும் இரண்டு தடவை போட்டேன். என் மாமியார் ஹாஜிரா பீ இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ஷாஹுல் ஹமீது பட்டாளத்தில் நாயக், இப்போது கார்கில் பக்கம் இருக்கிறார். போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தந்தி கொடுத்தோம். ஏழாம் நாளே பெயர் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று தள்ளிப் போட்டோம். சனிக்கிழமை அவர் கடிதம் வந்தது. ‘ரேடியோக்காரர்கள் வந்து எங்கள் குரலைப் பதிந்துகொண்டு போனார்கள், ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள், குழந்தையின் பெயரை அதில் சொல்லியிருக்கிறேன், என் வாயாலேயே கேட்டுக்கொள்’ என்று எழுதியிருந்தார்.

ஞாயிறு முழுக்க நீங்கள்தான் போர்ச் செய்தியும் ஜவான்களின் குரலுமாகப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பாதித் தெரு எங்கள் வீட்டில் இருந்தது. சாயங்காலம் அவர் பேசினார். “அம்மா, அமீனா, நான் நல்லா இருக்கேன். சாப்பாடெல்லாம் நல்லா இருக்கு. யாரும் கவலைப்பட வேணாம். ஜெய்ஹிந்த்.” அவ்வளவுதான். உடனே வேறு யாரோ பேசினார். மீன் கொண்டுவரும் குப்பம்மா என்னைப் பார்த்து, “இன்னாம்மே, ஊருக்கெல்லாம் சௌக்கியம் சொல்லிக்கினான், உனுக்கு இன்னா சொன்னான்?” என்று கேட்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் உருது பேசுவோம். அவர் என்னிடம் தமிழில் பேசியதே இல்லை. எனக்கென்று சொன்னதை உருதுவில்தான் சொல்லியிருப்பார். விட்டுப்போன அந்தத் துண்டை மட்டும் ஒரு தடவை போடுவீர்களா? எப்போது என்று ஒரு கார்டு போட்டால் போதும். குழந்தையை இன்னும், பாப்பா என்கிற மாதிரி, முன்னி, முன்னி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் நேயர்,
அமீனா பீ


மயிலாப்பூர்,
28-6-1999

அன்புள்ள அமீனாவுக்கு,

குழந்தைக்கு என் ஆசிகள். தொக்கு விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் அதற்காக என்னைக் கேலி செய்தார்கள்.

நீங்கள் நினைத்தது சரி. உங்கள் கணவர் கடைசியில் உருதுவில் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு மூன்று வாக்கியங்கள். சண்டை நடக்கும் நேரம் என்பதால், வேறு மொழியில் எது வந்தாலும் அந்த மொழி தெரிந்தவர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. ஏதாவது இடத்தின் பெயர் வாய் தவறி வந்துவிடக் கூடாதே என்ற பயம். அன்று பணியில் இருந்த யாருக்கும் உருது தெரியாது. வரிசையில் இன்னும் எத்தனையோ குரல்கள் இருந்தன. “இதை எடுத்துடலாம் சார்” என்று டெக்னீஷியன் வெங்கடரமணனிடம் சொன்னது நான்தான். அவர் மேல் பிழையில்லை.

அதில் ஒரு குழந்தையின் பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, அமீனா. நாடாவைத் தேடச் சொல்லியிருக்கிறேன். இனி என் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். உங்கள் கணவருக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நீரஜா


786
ராயப்பேட்டை,
10-7-1999

நீரஜா அக்காவுக்கு,

அவர் போய்விட்டார். நேற்று அடக்கம் செய்தோம். பெட்டியைத் திறக்க விடவில்லை.

பெயரைக் கேட்டு நான் போட்ட கடிதமும் பிரிக்காமலே அவர் சாமான்களோடு வந்து சேர்ந்தது. கூட வந்த பட்டாளத்துச் சிநேகிதரிடம் கேட்டேன். “எல்லார் எதிர்லயும் பேச வெட்கப்பட்டு, மைக்கை வாங்கிக்கிட்டுத் தள்ளிப் போய்ப் பேசினான் பாபி, எங்க காதுல விழலை” என்று அழுதார்.

நாடா கிடைத்ததா?

அமீனா


மயிலாப்பூர்,
16-7-1999

அன்புள்ள அமீனா,

என்ன எழுதி உங்களைத் தேற்றுவது என்று தெரியவில்லை. உங்கள் தெருமுனை வரை வந்தேன். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும், எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று திரும்பிவிட்டேன்.

நாடா இல்லை. எங்களிடம் எப்போதும் நாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவோம். வெட்டி எடுத்த துண்டு அன்றே குப்பையோடு போய்விட்டது. பதிந்து அனுப்பியவர்களுக்கும் போன் போட்டேன். அவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள், பதிந்தவருக்கும் எதுவும் நினைவில்லை.

அவர் பேசியதை நினைவுக்குக் கொண்டுவர தினமும் முயல்கிறேன். குரல் கேட்கிறது. நடுவில் லேசாகச் சிரித்தார், அது கூட நினைவிருக்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. தெரியாத மொழி என்பதால் காது அதை வாங்கவேயில்லை போலிருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

நீரஜா


786
ராயப்பேட்டை,
25-7-1999

நீரஜா அக்காவுக்கு,

அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

நான் இத்தாவில் இருக்கிறேன். கணவர் தவறினால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது. அதனால் நீங்கள்தான் வர வேண்டும். ‘இனியும் தாமதிக்காதீர்கள், ஏதாவது ஒரு நல்ல பெயராக வையுங்கள்’ என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லி அனுப்பிவிட்டார். மாமியாரும் தெருவில் ஆளுக்கொரு பெயராகக் கேட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டாம். அவர் சொன்ன பெயர்தான் வேண்டும். அவள் அப்பாவிடமிருந்து அவளுக்கென்று வேறு எதுவும் வரப்போவதில்லை.

உலகத்தில் அந்தப் பெயரைக் கேட்டு, அவர் சிரித்தது வரை நினைவு வைத்திருப்பவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். உங்கள் காதில் அது எங்கேயோ இருக்கும். வந்து என் எதிரில் உட்காருங்கள். எனக்குத் தெரிந்த பெண் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சரியான பெயர் வரும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நம்புகிறேன். சனிக்கிழமை வருவீர்களா? வெங்கடரமணன் சாரையும் கூட்டி வாருங்கள், அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கட்டும்.

அமீனா


மயிலாப்பூர்,
1-8-1999

அன்புள்ள அமீனா,

வெங்கடரமணன் சார் ஏன் வரவில்லை என்று நேற்று சொல்ல மறந்துவிட்டேன். ‘மெஷினைத்தான் கவனித்தேன், ஒன்றும் ஞாபகமில்லை’ என்று வருத்தப்பட்டார்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து மனம் லேசாக இருக்கிறது. நீங்கள் நஸீமா என்று சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அதுதான். சந்தேகமே இல்லை. அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் சிரித்தார். இனி நீங்களும் நிம்மதியாக இருக்க வேண்டும். பெயர் வைக்கும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். என்னை அழைக்காவிட்டாலும் வந்து நிற்பேன். முன்னிக்கு, இல்லை, நஸீமாவுக்கு ஒரு வெள்ளிக் கொலுசு பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா,
நீரஜா


786
ராயப்பேட்டை,
7-8-1999

நீரஜா அக்காவுக்கு,

நஸீமா எங்கள் மூத்த பெண். பிறந்து மூன்று மாதம் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். அவர்தான் கையில் எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரையும் சொல்ல விடமாட்டார். இன்னொரு குழந்தைக்கு அதை அவர் வைத்திருக்கவே மாட்டார்.

அன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது அது தானாக என் வாயில் வந்துவிட்டது. அடுத்த பெயரைச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். அதுதான் என்று தலையாட்டினீர்கள். நானும் அழுதேன். நீங்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

இரக்கப்பட்டுத்தான் செய்தீர்கள், தெரியும். துண்டை வெட்டியதற்குக் கூட எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உத்தரவு என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள். ஆனால் போன சனிக்கிழமை வரை அந்தப் பெயர் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனையோ பெயர்கள் சொல்ல இருந்தன. அவற்றில் ஒன்றாக இருந்திருக்கும். இனி நீங்கள் எதற்குத் தலையாட்டினாலும் என்னால் நம்ப முடியாது.

கொலுசு வேண்டாம். உங்கள் வீட்டுக் குழந்தை யாருக்காவது போடுங்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை அவளுக்கு நானே ஒரு பெயர் வைத்துவிட்டேன். என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அமீனா பீ